ஸ்கைரிம் நாட்டின் சிறு காட்சிகள்

உலகப் படத்தில் இடம்பெறாத நாடுகளுக்கும் யாத்திரை செய்வோர் உளர். கற்பனையிற் பிறந்து கணினித் திரையில் விரியும் அத்தகைய நாடுகளுள், மிகப் பெரும் யாத்திரிகர் கூட்டத்தைக் கண்டவற்றுள் ஒன்று ஸ்கைரிம். ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதெஸ்டா கேம் ஸ்ரூடியோஸ் என்னும் நிறுவனம், ரொட் ஹவார்ட் என்பாரின் தலைமையில், ஏறக்குறைய 100 பேரின் உழைப்பால் இந்நாட்டை உருவாக்கி, 2011 ஆம் ஆண்டு நவம்பர் 11 ஆம் நாள் உலகுக்கு அளித்தது. 1994 இல் தொடங்கிய எல்டர் ஸ்குரோல்ஸ் என்னும் விளையாட்டு வரிசையில் இது ஐந்தாவது. 2023 ஆம் ஆண்டில், 6 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகிவிட்டன என்று ஹவார்ட் அறிவித்தார்.

இந்நாட்டை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். ஸ்கைரிம் குளிர் மிகுந்த வடபுலம். வடக்கே பனிப்பாறைகள் மிதக்கும் கடல். நடுவே பரந்த புல்வெளி. தெற்கிலும் மேற்கிலும் மலைத்தொடர்கள். பரப்பளவு ஏறக்குறைய 37 சதுர கிலோமீற்றர் எனக் கணித்துள்ளனர். அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்த முழுநாள், நமது கடிகாரத்தில் 72 நிமிடங்களில் கழிந்துவிடும். விளையாடுபவர் அந்நாட்டில் ஒரு வழிப்போக்கராகக் காலடி வைக்கின்றார். நெருப்பை உமிழும் ட்ராகன்கள் வானிற் பறந்து ஊர்களை அழிக்க வருகின்றன; அவற்றை அடக்குவது அவருக்கு இடப்பட்ட பணி.

ட்ராகன்களைப் பற்றிப் பேசுவோர் பலர். நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அவற்றைப் பற்றியன்று. கோவாவையும், எறும்பையும், கருவாட்டு மூட்டையையும் பற்றி. ட்ராகன் எத்துணை அழகாகப் பறந்தாலும், அது பறக்கும் வானத்தின் கீழ் ஒரு மெய்யான நாடு இருக்கின்றது என்ற நம்பிக்கையை நமக்குத் தருவது அது அன்று. அந்த நம்பிக்கையைத் தருபவை, எவரும் பாராமற் கடந்துசெல்லும் சின்னஞ்சிறு பொருள்களே.

பாராமற் கடந்துசெல்வதற்குக் காரணமும் உண்டு. திரையின் மேல்விளிம்பில் ஒரு திசைகாட்டிப் பட்டை இருக்கின்றது. போகவேண்டிய இடத்தை அதில் ஓர் அம்புக்குறி சுட்டிக்கொண்டே இருக்கும். ஒருமுறை கண்ட ஊருக்கு மறுமுறை நடக்கவும் வேண்டியதில்லை. படத்தில் ஒரு புள்ளியை அழுத்தினால் அடுத்த கணம் அங்கே நிற்கலாம். இதே நிறுவனம் 2002 இல் வெளியிட்ட மொரோவின்ட் என்னும் விளையாட்டில் இந்த வசதிகள் இருக்கவில்லை. பாலத்தைத் தாண்டி இடப்புறம் திரும்பு என்பதுபோல ஊரார் வாயாற் சொல்லும் வழியைக் கேட்டு, சுற்றும் முற்றும் பார்த்தே நடக்கவேண்டும். ஸ்கைரிமில் அம்பு உண்டு. கண்ணுக்கு வேலை குறைந்தது. ஆயினும், அம்பை மறந்து காலாற நடக்க விரும்புவோருக்கும் அந்நாட்டில் வழி அடைக்கப்படவில்லை. அவ்வழியே நேயர்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

ஆற்றங்கரை நடை

நடையை ஓர் ஆற்றோடு தொடங்குதல் நன்று. தெற்கே மலைகளின் மடியிற் கிடக்கின்றது இலினால்ரா என்னும் ஏரி. அதிலிருந்து புறப்படும் வெள்ளாறு, ரிவர்வூட் என்ற சிற்றூரைத் தொட்டு, அருவிகளாய் விழுந்து, புல்வெளியை அடைந்து, கிழக்கே திரும்பி, வின்ட்ஹெல்ம் என்னும் பழம்பெரு நகரின் அருகே கடலிற் கலக்கின்றது. கற்பனை நாடுகளின் ஆறுகள் பெரும்பாலும் அழகுக்காக வரையப்பட்ட நீலக் கோடுகளே. இந்த ஆறோ ஏரியிற் பிறந்து கடலில் முடிகின்றது. தலைப்பிலிருந்து கழிமுகம்வரை அதன் கரையிலேயே நாம் நடந்து செல்லலாம்.

ரிவர்வூட் மரம் அரியும் ஆலையால் வாழும் ஊர். கட்டை ஏற்றிய தட்டு நகர, ஆற்றுநீரின் விசையாற் சுழலும் வாள் அதனைப் பிளக்கின்றது. வழிப்போக்கர் விரும்பினால் கோடரி எடுத்து விறகு பிளந்து ஆலைக்காரருக்கு விற்றுச் சில காசு பெறலாம். அயலிலே கொல்லன் பகலெல்லாம் உலைக்களத்திலும் சாணைக்கல்லிலும் மாறி மாறி வேலை செய்கின்றான். இருட்டியதும் வீட்டுக்குள் சென்று உண்டு உறங்குகின்றான். நாம் பார்த்தாலும் பாராவிட்டாலும் அவனுடைய நாள் அவ்வாறே கழிகின்றது.

ஊரைத் தாண்டியதும், பாதையோரத்தில் வீழ்ந்துகிடக்கும் மரக்கட்டைகளைக் குனிந்து பார்த்தல் வேண்டும். சிலவற்றின் மீது எறும்புகள் வரிசையாய் ஊர்ந்து போகின்றன. அவற்றைப் பிடிக்க இயலாது, விற்க இயலாது, அவை கடிப்பதும் இல்லை. விளையாட்டின் வெற்றிக்கும் தோல்விக்கும் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. ஆயினும் எவரோ ஒருவர் மேசையருகே அமர்ந்து அந்த எறும்புகளை ஊரவைத்திருக்கின்றார்.

அருவியை அண்மினால், பேணியில் அடைத்துக் கடைகளுக்கு வருகின்ற சமன் மீன் உயிரோடு துள்ளுவதைக் காணலாம். அது நீரோட்டத்தை எதிர்த்து அருவியின் மேல் தாவுகின்றது. கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறுவது அம்மீனின் இயல்பு. அந்த ஆறு கடலோடு இணைந்திருப்பதாலேயே மீன் அங்கு வந்திருப்பதும் பொருத்தமாகின்றது. ஒரு சிறு மெய்ம்மை மற்றொன்றைத் தாங்கி நிற்கும் விதம் இது. ஆற்றங்கரையில் வேறொரு விந்தையும் உண்டு. வெண்ணிற ஒளி வீசும் ஒரு செடி, மெல்லிய மணியோசை போன்ற ஒலியை இடையறாது எழுப்பிக்கொண்டிருக்கும். அதனைக் கண்டுபிடிப்பது கண் அன்று, காதே. வழியில் வேகமாக ஓடுபவருக்கு அந்த ஒலி கேட்கும்; நின்றவருக்கே செடி அகப்படும்.

இன்னும் கீழே, ஆறும் பெருந்தெருவும் மலையிடுக்கில் ஒன்றையொன்று நெருங்குமிடத்தில் இரு கற்கோபுரங்களும் அவற்றை இணைக்கும் பாலமும் உள்ளன. அங்கே கள்வர் கூட்டம் ஒன்று வழிப்போக்கரை மறித்துச் சுங்கம் கேட்கின்றது. கள்வர் எந்த விளையாட்டிலும் உளர். ஆனால், வணிகர் வேறு வழியிற் போக இயலாத இடுக்கைத் தேர்ந்து அமர்ந்திருக்கும் இக்கள்வர், தம் தொழிலறிந்த கள்வர்.

சந்தை கூடும் நகரம்

புல்வெளியின் நடுவே குன்றின் மேல் எழுந்து நிற்பது வைற்றன் நகரம். அதன் மதிலுக்கு வெளியே வயல்கள். கோதுமையும், கோவாவும், உருளைக்கிழங்கும், லீக்ஸும் விளைகின்றன; காற்றாலை சுழல்கின்றது. விளைச்சலைப் பறித்துக் கமக்காரரிடம் கொடுத்தால் அவர் கூலி தருகின்றார். நகருக்குள்ளே சந்தைச் சதுக்கத்தில் காய்கனி விற்கும் பெண்ணொருத்தி, சிறுமகள் அருகே திரிய, கடை பரப்பியிருக்கின்றாள். பக்கத்தில் இறைச்சிக் கடை. அதன் உரிமையாளன் வேட்டையாடுபவன். அவன் உடன்பிறந்தவன் வேட்டைக்காரரின் பெயரிலேயே ஒரு மதுச்சாலை நடத்துகின்றான். அரண்மனைக் குன்றிலிருந்து வாய்க்கால் வழியே நீர் இறங்கி நகரைச் சுற்றி ஓடுகின்றது. மாலையானால் கடைகள் அடைபட, விற்றோர் வீடு திரும்புகின்றனர்.

ஒரு நகரத்தைக் கண்டதும் அறிவுடைய யாத்திரிகர் கேட்கும் முதற் கேள்வி, இங்குள்ளோர் எதை உண்கின்றனர், எந்த நீரைக் குடிக்கின்றனர் என்பதே. வைற்றன் அக்கேள்விக்கு விடை சொல்கின்றது. வீடுகளுள் நுழைந்தால் அடுப்பின் மேல் உள்ளிப் பிடிகளும், முயலும், காட்டுக்கோழியும் தொங்குகின்றன. கரையோர ஊர்களில் மீனைச் சட்டத்திற் கோத்துக் காயவிட்டிருக்கின்றனர்.

ஊராரின் பழக்கமும் கவனிக்கத்தக்கது. தெருவில் ஒரு பொருளை நாம் கீழே போட்டுவிட்டால், ஒருவர் அதனை எடுத்துவந்து இது உம்முடையதா என வினவுவதுண்டு. சில வேளை அதே பொருளுக்காக இருவர் சண்டையிடுவதும் உண்டு. வாளைப் போட்டாலோ, எவருக்கேனும் காயம் பட்டால் என் செய்வது என்று காவலர் கடிந்துகொள்வர். நற்குணமும் பேராசையும் எச்சரிக்கையும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

மரணமும் அங்கு மெய்யானது. ட்ராகன் வந்து தாக்கும்போது கடைக்காரர் ஒருவர் மாண்டால், விளையாட்டு அவரை மீண்டும் உயிர்ப்பிப்பதில்லை. ஊராரிற் பலருக்கு, இறந்தோர் மண்டபத்தில் ஒரு பேழை காத்திருக்கின்றது. வைற்றன் விடுதியின் தலைவி இறந்துபோவாளாயின், என்றேனும் அவ்விடுதியை வாங்கவேண்டுமென்று ஆசைப்பட்டிருந்த இளம்பெண் ஒருத்தி அதனை நடத்த முன்வருகின்றாள். அவள் எண்ணியிருந்த விதமாக அந்த ஆசை நிறைவேறவில்லை, ஆயினும் நிறைவேறிவிட்டது. இறந்தவர் நமக்கு நண்பராயிருந்தவரெனில், சில நாள் கழித்துத் தபாற்காரன் ஒருவன் ஓடிவந்து ஒரு கடிதத்தை நீட்டுவான். அந்நண்பர் விட்டுச்சென்ற சிறு தொகை அதில் இருக்கும். ஆட்சித் தலைவருக்குரிய வரி ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது என்ற குறிப்பும் இருக்கும்! துயரத்தின் நடுவே வரியை மறவாத அரசாங்கத்தைக் கற்பனை செய்தவர், உலகத்தை நன்கு அறிந்தவரே.

நிலத்துக்கு ஒரு பூ

நிலம் மாறினால் பூவும், விலங்கும், தொழிலும் மாறவேண்டும் என்பது நம் பண்டை இலக்கணம் வகுத்த நெறி. அவற்றைக் கருப்பொருள் என்றனர். ஸ்கைரிமைப் படைத்தோர் தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆயினும் தம் நாட்டுக்குக் கருப்பொருள் வகுக்கத் தவறவில்லை. மேற்கே கற்பாறைகள் நிறைந்த புலத்தில் சூனிப்பர் மரம் காய்க்கின்றது. வெள்ளிச் சுரங்கத்தொழில் நடக்கின்றது. தென்கிழக்கே பொன்னிறமும் செந்நிறமுமான இலையுதிர் காடுகள். அங்குள்ள ரிஃப்டன் நகரில் ஏரி மீனும் தேனிற் காய்ச்சிய மதுவும் தொழில். சதுப்பு நிலத்தில் நச்சுப்பூ ஒன்று மலர்கின்றது. பனி மூடிய வடக்கில் செந்நிறக் கனி தரும் செடி மட்டுமே துணிந்து நிற்கின்றது.

வின்ட்ஹெல்முக்குத் தெற்கே வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கும் நிலம் ஒன்றுண்டு. சுற்றிலும் பனியிருக்க, அங்கே மட்டும் ஆவி எழும்புகின்றது. செம்மஞ்சட் பூக்கள் அவ்விடத்தில் மலிந்துள்ளன. ஊற்றொன்றில், வேட்டையால் களைத்த சிலர் ஆயுதங்களைக் கரையில் வைத்துவிட்டு இடுப்பளவு வெந்நீரில் இளைப்பாறுவதைக் காணலாம். அவர்கள் நமக்கு எந்தப் பணியும் இடுவதில்லை. நம்மோடு போரிடுவதும் இல்லை. குளிர்நாட்டு வேட்டைக்காரன் வெந்நீரைக் கண்டால் என்ன செய்வானோ அதைச் செய்கின்றார்கள்.

புல்வெளியிலே, பழங்கால யானையாகிய மமூத்துகளை மேய்க்கும் அரக்கர் உளர். அவர்கள் தங்குமிடத்தில் பெரிய கிண்ணங்களில் மமூத்துப் பாலின் பாற்கட்டி இருக்கும். மேய்ப்பவர் எனின் பால் இருக்கத்தானே வேண்டும். சிற்சில வேளை, உடலெங்கும் வண்ணக்கோலம் தீட்டிய பசுவொன்றைக் கயிறின்றி அழைத்துக்கொண்டு ஒரு கமக்காரர் பெருந்தெருவில் எதிர்ப்படுவார். எங்கே செல்கின்றீர் என வினவினால், இப்பசுவை அரக்கருக்குக் காணிக்கையாகக் கொடுத்தால் அவர்கள் எம் வயலை வந்து அழிக்கமாட்டார்கள் என்பார். வீரர் அரக்கரைக் கொன்று புகழ் தேடுகின்றனர். உழவரோ அவ்வரக்கருக்கு அயலவராக வாழ்கின்றனர். கொல்லவும் இயலாது, ஓடவும் இயலாது என்ற நிலையில் எளியோர் கண்ட வழி அந்தப் பசு. ஆயிரம் பக்க வரலாறு சொல்லாததை அக்கோலம் சொல்லிவிடுகின்றது.

துறவியர்க்குச் சோறு

நாட்டின் நடுவே வானளாவி நிற்பது உலகின் தொண்டை எனப் பெயர்கொண்ட மலை. அதன் உயரத்தே ஹை ஹ்ரொத்கார் என்னும் மடம். முதிய துறவியர் சிலர் அங்கு மௌனத்தில் வாழ்கின்றனர். அடிவாரத்திலுள்ள ஐவர்ஸ்ரெட் என்னும் சிற்றூரிலிருந்து அங்கு ஏறும் பாதைக்கு ஏழாயிரம் படி என்று பெயர்.

பனிமலை உச்சியில் வாழும் துறவியர் எதை உண்பர்? ஏனைய கதைகளில் இக்கேள்வியை எவரும் எழுப்புவதில்லை. ஐவர்ஸ்ரெட்டில் பாலத்தருகே நிற்கும் கிளிமெக் என்னும் மீன்பிடிகாரரிடம் அதற்கு விடை இருக்கின்றது. கருவாடும் உப்பிட்ட இறைச்சியும் கட்டி, காலம் தவறாமல் மலையேறி, மடத்தின் வாயிலிலுள்ள பெட்டியில் இட்டு வருபவர் அவரே. இப்போது கால்கள் முன்போல ஒத்துழைப்பதில்லை. மேலே போகின்றீராயின் இம்மூட்டையையும் கொண்டு செல்வீரா எனக் கேட்கின்றார். அதனைச் சுமந்து ஏறுபவருக்கு, மடத்தின் மகிமை குறைவதில்லை, கூடுகின்றது. உச்சியிலுள்ள மௌனத்தைத் தாங்கி நிற்பது அடிவாரத்திலுள்ள ஒருவரின் முழங்கால்கள் என்பது விளங்குகின்றது.

நரியும் தேனீயும்

இது நிற்க. இச்சிறு பொருள்கள் எல்லாம் எவ்வாறு அங்கு வந்தன என்பதையும் சிறிது நோக்குவோம்.

அந்நாட்டின் குகைகளும் பாழ்மண்டபங்களும் ஒவ்வொன்றும் தனித்தனியே செதுக்கப்பட்டவை அல்ல. தூண், சுவர், வளைவு எனச் சில துண்டுகளைச் செய்து, குழந்தைகள் கட்டைகளை அடுக்குவதுபோல, பலவாறு பொருத்திக் கட்டப்பட்டவை. இம்முறையை ஜோயல் பேர்ஜஸ், நேற் பேர்க்கிபைல் என்னும் இருவர் 2013 இல் விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டில் விளக்கினர். இதில் ஓர் இடர் உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை: ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருமாயின், பார்ப்பவர் கண் சலித்துவிடும். சலிப்பைப் போக்கக் கையாண்ட வழிகளுள் ஒன்றே, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய சிறு பொருள்களைக் கையால் வைப்பது. சுவர் ஒன்றாயிருக்கலாம்; சுவரோரத்துப் படுக்கையும், படுக்கையிற் கிடக்கும் நாட்குறிப்பும் வேறு.

ஆயினும், எல்லா அற்புதமும் எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஸ்கைரிமின் நரிகளைப் பின்தொடர்ந்து சென்றால் புதையல் கிட்டும் என்றொரு நம்பிக்கை விளையாடுவோரிடையே நெடுங்காலம் நிலவியது. அது மெய்யாகவும் இருந்தது! ஆனால் அவ்வாறு செய்யுமாறு நரிக்கு எவரும் கற்பிக்கவில்லை. 2021 ஆம் ஆண்டில் பேர்ஜஸ் இதன் காரணத்தைப் பகிரங்கமாக விளக்கினார். விலங்குகள் நடப்பதற்காக நிலம் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத முக்கோணங்களாற் பரப்பப்பட்டுள்ளது. வெறுங்காட்டில் முக்கோணங்கள் பெரியவை, சில. பாசறையோ பாழ்மண்டபமோ உள்ள இடத்தில் சிறியவை, பல. மனிதரைக் கண்டு அஞ்சி ஓடும் நரி தன் தூரத்தை அடியால் அளப்பதில்லை. முக்கோணங்களின் எண்ணிக்கையால் அளக்கின்றது. ஆகவே, முக்கோணம் செறிந்த இடத்தை நாடியே அது ஓடுகின்றது. செறிந்த இடத்திற் புதையல் இருப்பது இயல்பு. அச்சத்தால் ஓடிய நரியை, அன்பால் வழிகாட்டிய நரி என மக்கள் கொண்டனர். மெய்யுலகிலும் பழங்கதைகள் பல இவ்வாறுதான் பிறந்திருக்கும் போலும்.

அதே ஆண்டில் பேர்க்கிபைல் கூறிய தேனீயின் கதை இன்னும் சுவையானது. விளையாட்டின் தொடக்கத்தில், கைதிகளை ஏற்றிய குதிரை வண்டி மலைப்பாதையில் வருகின்றது. உருவாக்கும் நாளில், அவ்வண்டி சில வேளை திடீரென்று குலுங்கி வானில் ஏவுகணைபோல எழும்பிற்று. காரணம் எளிதிற் புலப்படவில்லை. முடிவில் அகப்பட்ட குற்றவாளி ஒரு தேனீ. தேனீயைக் கையிற் பிடிக்க இயலாதிருந்த குறையை நீக்கியபோது, எதனோடும் மோதக்கூடிய திண்மையும் அதற்கு வந்துவிட்டது. ஆனால் எதனாலும் அதனை அசைக்க இயலவில்லை. வண்டி தேனீயின் மேல் மோதிற்று, தேனீ அசையவில்லை, வண்டி பறந்தது. கற்பனை நாட்டில் ஒரு தேனீயை மெய்யாக்குவது எத்துணை கடினம் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது. நாம் பாராமற் கடந்துபோகும் தேனீயின் பின்னால், உறக்கம் கெட்ட மனிதர் சிலர் இருக்கின்றனர்.

குறையும் நிறையும்

குறைகளைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. ஏழாயிரம் படி எனப் பெயர் பெற்ற பாதையை எண்ணிச் சென்றோர், ஆயிரத்தையும் எட்டாது முடித்துவிட்டனர். பெருநகரம் எனப்படுவதில் நூறு பேரைத் தேடிப்பிடிப்பது அரிது. முதலில் வெளிவந்த விளையாட்டில், பனியில் நடப்பவரின் காலடி பதிவதில்லை. உறைபனி நீரில் நீந்தி எழுந்தவருக்கு நடுக்கமும் இல்லை. குளிரும், பசியும், களைப்பும் உடலை வருத்தும் முறை 2017 இலேதான் தனிச் சேர்க்கையாக வந்தது.

வேடிக்கையான குறையும் ஒன்றுண்டு. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது திருடினால் அகப்பட்டுவிடுவோம். அவர்களுடைய கண்பார்வை அத்துணை நுட்பமாக அமைக்கப்பட்டுள்ளது. ஆனால், ஒரு வாளியை எடுத்து அவர் தலையிற் கவிழ்த்துவிட்டால், அவர் அசையாமல் நிற்பார்; கடையையே வழித்துக்கொண்டு போகலாம்! பார்வை மறைந்தால் காண இயலாது என்ற உண்மையை அறிந்தவர், தலையில் வாளி விழுந்தால் மனிதர் சினப்பர் என்ற உண்மையை அறியாது போயினர். பாதி உண்மை முழுப் பொய்யினும் நகைப்புக்கு இடமாவதை இங்குக் காண்கின்றோம்.

குறைபோலத் தோன்றி, குறையல்லாததும் உண்டு. பல நூற்றாண்டுகள் மூடிக்கிடந்த கல்லறைகளுள் விளக்குகள் எரிகின்றனவே, ஏற்றியவர் யார் எனப் பலர் நகையாடுவர். அந்நாட்டின் புத்தகங்களைப் படிப்போருக்கு விடை கிட்டும். நூற்றுக்கணக்கான நூல்கள் அங்கே அலுமாரிகளிற் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று, கல்லறைப் பிணங்களோடு தங்கி ஆராய்ந்த ஒரு பெண் எழுதியதாக அமைந்தது. பிணங்கள் முறைவைத்து எழுந்து தம் தலைவனின் பேழையை வணங்கி, இடத்தைத் துப்புரவு செய்து, மீண்டும் படுத்துவிடுகின்றன என்கிறது அந்நூல். துப்புரவு செய்வோர் இருக்குமிடத்தில் விளக்கேற்றுவோரும் இருப்பர் எனக் கொள்ளலாமன்றோ?

கடலை நோக்கிய விளக்கு

வடகடற்கரையிலே, டோன்ஸ்ராருக்கும் வின்ரர்ஹோல்டுக்கும் இடையே, கலங்கரை விளக்கம் ஒன்று தனித்து நிற்கின்றது. உள்ளே சென்றால் உயிருள்ளோர் எவரும் இல்லை. சிதறிக்கிடக்கும் நாட்குறிப்புகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் படித்தே நடந்ததை அறிதல் வேண்டும். ஹப்ட் என்னும் முதியவர், கடலோடி வாழ்ந்தவர், தம் மனைவியையும் இரு மக்களையும் அழைத்துவந்து இந்த விளக்கில் குடியேறினார். நிலவறையின் அடியிலிருந்து ஒலிகள் கேட்டன. பூமிக்கடியில் வாழும் கொடிய உயிர்கள் ஒருநாள் வெளியே வந்தன.

ஹப்டின் குறிப்பில் ஒரு விருப்பம் எழுதப்பட்டிருக்கின்றது: தாம் இறந்தபின் தமது எலும்புகளை உச்சியிலுள்ள விளக்கின் நெருப்பில் இடவேண்டும், அங்கிருந்து என்றும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிலவறை வழியே கீழிறங்கி, அவரை விழுங்கிய பெரும் பூச்சியைக் கொன்றால், அதனுள் அவருடைய எச்சங்கள் கிடைக்கின்றன. அவற்றை எடுத்துக்கொண்டு நெடும் படிகள் ஏறி நெருப்பில் இடலாம், இடாமலும் போகலாம். கேட்பதற்கு அங்கு உயிரோடு ஒருவரும் இல்லை. இட்டவருக்குச் சிறியதொரு வரம் கிட்டுகின்றது என்பது உண்மையே. ஆனால் குறிப்பைப் படிக்காமல் பொருள் தேடி ஓடியவர், அந்த எச்சங்களைச் சுமையென்று கருதிக் கீழேயே விட்டுச்செல்வார்.

இந்த இடத்திலேதான் சிறு பொருள்களின் பெரும் பயன் புலனாகின்றது. ஹப்ட் என்றொருவர் என்றும் வாழ்ந்தவரல்லர். ஒரு தாளும், ஒரு எலும்பும், ஒரு நெருப்பும் மட்டுமே அவர். எனினும், முன்பின் அறியாத ஒருவரின் இறுதி விருப்பத்தை, எவரும் கட்டளையிடாதபோதும் நிறைவேற்றும் மனம் விளையாடுபவரிடம் இருக்கின்றதா என்று அந்தக் கலங்கரை விளக்கம் கேட்கின்றது. பல ஆயிரம் எதிரிகளை வீழ்த்துவது கைப்பழக்கம். இதுவோ கைப்பழக்கத்தால் வருவது அன்று.

பிள்ளைகள் இத்தகைய விளையாட்டுகளிற் பொழுதைப் போக்குகின்றனர் எனக் கவலையுறும் பெற்றோர் பலர். பொழுது போவது மெய்யே, கவலையும் நியாயமானதே. எத்தனை மணி நேரம் எனக் கேட்பதோடு நில்லாது, அங்கே எதைக் கண்டாய் என்றும் அவர்கள் பிள்ளையைக் கேட்கலாம். எத்தனை ட்ராகன்களைக் கொன்றேன் என்று மட்டும் பிள்ளை விடை கூறினால், அது அம்புக்குறியின் பின்னே ஓடி வந்திருக்கின்றது. மீன் அருவியில் ஏறியதையும், கோலமிட்ட பசு எங்கே போயிற்று என்பதையும் சொல்லத் தொடங்கினால், சிறிது நேரம் அருகே அமர்ந்து கேட்பது பெற்றோருக்கும் நன்று. கவனித்துப் பார்க்கும் கண்ணை அப்பிள்ளை எங்கே பழகிக்கொண்டாலென்ன? திரையை அணைத்துவிட்டு வெளியே வரும்போது, அக்கண்ணையும் கூடவே கொண்டுவரும்.